கருப்பு டயல் கடிகாரம்

நம் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். அலமாரியின் மேல்தட்டை ஒழிக்கிற வேலையைப் பிள்ளைகளிடம் விடாதீர்கள். அவர்கள் எதையாவது தூக்கிக்கொண்டு வந்து "இது என்னம்மா?" என்று கேட்பார்கள். பதில் சொல்லி முடிப்பதற்குள் நமக்கு மூச்சு வாங்கிவிடும்.

எனக்கு அப்படித்தான் ஆனது. போகிக்கு வீடு ஒழித்துக்கொண்டிருந்த என் மகள் ஒரு பழைய கைக்குட்டை முடிச்சைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். முடிச்சை அவிழ்த்தால் ஒரு கைக்கடிகாரம். கருப்பு டயல். பழுத்த எலுமிச்சை நிறத்தில் எண்கள். சிவப்பாக மெல்லிய நொடிமுள். தோல்வார் தொட்டதும் உதிர்ந்தது.

"யாருதும்மா? தாத்தாவுதா?"

"டூப்ளிகேட். அந்தக் குப்பையோட சேர்த்துப் போடு" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அப்படியே என் தாத்தாவின் குரல். அவர் போய் எத்தனையோ வருஷமாகிறது. அவர் சொன்ன வார்த்தை மட்டும் எங்கள் வீட்டில் வாடகை இல்லாமல் குடியிருந்திருக்கிறது. அவள் குப்பையில் போடவில்லை. திருகைச் சுற்றிக் காதில் வைத்துப் பார்த்தாள். ஓடியது. "சென்னையில ஒருத்தர் பழைய வாட்ச்செல்லாம் சர்வீஸ் பண்றாரு. இன்ஸ்டால பார்த்தேன். காட்டலாம்மா" என்றாள். முட்டிவலியோடு சென்னைக்கு யார் போவது என்றுதான் முதலில் நினைத்தேன்.

அந்தக் கடிகாரம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு நாலாம் வகுப்பு படிக்கிற வயது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வீடு. கூடத்தை இரண்டு தறிகள் அடைத்துக்கொண்டிருக்கும். நாங்கள் மிச்ச இடத்தில் சாப்பிட்டுத் தூங்குவோம். தெருவில் எந்த வீட்டில் அன்று என்ன சாயம் போட்டார்களோ அந்த நிறத்தில் சாக்கடை ஓடும். பள்ளிக்கூடம் போகும்போது பச்சை, திரும்பி வரும்போது அரக்கு. சோடா போட்டுப் பட்டு வேகவைக்கிற நாற்றம் எங்கள் தலைமுடியில்கூட இருக்கும். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்கு அது தெரியவே தெரியாது.

தாத்தா ஜரிகை வாங்கும்போது ஒரு இழையை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். உள்ளே சிவப்புப் பட்டு தெரிந்தால் அசல். வேறு ஏதாவது தெரிந்தால், விற்பவர் முகத்தைப் பார்க்காமல் எழுந்து வந்துவிடுவார். தெருவில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். அவர் "போலி" என்றால் போலி. மேல்பேச்சு கிடையாது. அந்தப் பெயரைக் காப்பாற்றுவதற்கே அவர் வாழ்ந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

அவருடைய கடைசி மகள் என் அத்தை. வாயாடி. புளியங்காயை உப்புத் தொட்டுத் தின்றுகொண்டே தறிக்கு நூல் சுற்றுவாள். அவள் சிரித்தால் பக்கத்து வீட்டில் தறி நின்று போகும். அவளுக்கு வாலாஜாபாத்தில் மாப்பிள்ளை பார்த்தார்கள். அரிசி மில் நடத்துகிற குடும்பம், ஒரே பையன். அவர்கள் கேட்டதில் ஒன்று, மாப்பிள்ளைக்குச் சுவிஸ் கைக்கடிகாரம். அந்தக் காலத்தில் அது கடைக்குப் போய் வாங்குகிற சாமான் இல்லை. வெளிநாடு போய்வருகிறவர் யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு.

எங்களுக்கு அப்படி ஒருவர் இருந்தார். என் அம்மாவின் தம்பி, என் மாமா. கப்பலில் சமையல் வேலை. வருஷத்துக்கு ஒருமுறை வருவார். வந்தால் வீடு முழுக்க வெளிநாட்டு சோப்பு வாசனை. அம்மா அந்தச் சோப்பை உரசாமல் துணிப்பெட்டிக்குள் வைப்பாள். மாமா அதிகம் பேசமாட்டார். கேட்டதற்குப் பதில், அதுவும் யோசித்து. தாத்தா கேட்டுக்கொண்டதும் சிங்கப்பூரிலிருந்து கடிகாரத்தைக் கொண்டுவந்தார். நீல வெல்வெட் பெட்டி. மூடியைத் திறந்தால் உள்ளே வெள்ளைச் சாட்டின் துணியில் கருப்பு டயல்.

கல்யாண வீட்டிலேயே மாப்பிள்ளையின் அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னாபா இது, கருப்பா இருக்குது? நல்ல காரியத்துக்குக் கருப்புல குடுப்பாங்களா?"

"அந்த ஊர்ல இதான் புதுசா வந்துருக்குதுங்க" என்றார் மாமா. "இருட்டுல நம்பரெல்லாம் மின்னும்."

அவர் சொன்னதை மாப்பிள்ளை வீட்டார் சோதித்துப் பார்க்கவில்லை. எனக்குத்தான் ஆசை தாங்கவில்லை. மாமா என்னைச் சாமான் அறைக்குக் கூட்டிப்போய், வாழைத்தார்களுக்கு நடுவில் உட்கார்ந்து, கடிகாரத்தை இரு கைகளாலும் பொத்தி, கட்டைவிரல் சந்து வழியாகப் பார்க்கச் சொன்னார். உள்ளே பச்சையாக எண்கள் எரிந்தன. அவர் கைகளில் வெங்காய வாசனை. நான் அன்று பார்த்த கல்யாணம் அதுதான்.

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய் வீட்டுக்கு அழைப்பது வழக்கம். அத்தையை நாங்கள் போய் அழைக்குமுன்பே அவளுடைய மாமனார் கொண்டுவந்து விட்டார். விட்டுவிட்டு, மடியிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்துத் தாத்தாவின் முன்னால் வைத்தார்.

"மில்லுக்கு வர்றவங்கல்லாம் சிரிக்கிறாங்க. இந்தக் கம்பெனியில கருப்பு டயலே கிடையாதாம். டூப்ளிகேட்ட மாட்டிக்கினு சுத்துறான் எம்புள்ள. ஆடி முடியட்டும். நல்லதா ஒண்ணு வாங்கிக்கினு, பொண்ணையும் கொண்டாந்து விடுங்க."

நீல வெல்வெட் பெட்டி வரவில்லை. அதைப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

போலி என்ற சொல்லைத் தன் வீட்டுக்குள் கேட்டதும் தாத்தா தண்ணீர்கூடக் கேட்காமல் உட்கார்ந்திருந்தார். அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. அவளுடைய தம்பி கொண்டுவந்த சாமான் அல்லவா?

அந்த ஆடியில் அத்தையிடம் புளியங்காய் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டாள், தின்னவில்லை. அத்தனை புழுக்கத்திலும் முழங்கைக்குக் கீழே இறங்கும் ரவிக்கை போட்டிருந்தாள். வாலாஜாபாத்தில் அதுதான் நாகரிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நான் சின்னப் பெண். வீட்டில் இருந்த பெரியவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. எல்லோருடைய கண்ணும் அந்த முடிச்சின் மேலேயே இருந்தது.

மாமாவின் கப்பல் புரட்டாசியில் மெட்ராஸ் வந்தது. தாத்தா தந்தி கொடுத்து வரவழைத்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடிகாரக் கடை. ஊரில் பெரிய மனிதர்கள் தங்கள் கடிகாரத்தை அந்தக் கடைக்காரரைத் தவிர வேறு யாரிடமும் கொடுக்கமாட்டார்கள். அவர் சொல்லட்டும், இரு வீட்டாரும் கேட்டுக்கொள்வது என்று முடிவானது. தாத்தா, அப்பா, அத்தையின் மாமனார், மாமா. நான் மாமாவின் விரலைப் பிடித்துக்கொண்டு போனேன், யாரும் தடுக்கவில்லை.

கடிகாரக்காரர் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு பின்மூடியைத் திறந்தார். உள்ளே சக்கரங்கள் பளபளவென்று ஓடின. "மிஷினு சுத்தமான சுவிஸ்" என்றார். தாத்தாவின் தோள் கொஞ்சம் இறங்கியது. கடிகாரக்காரர் உள்ளே ஒரு திருகாணியை எடுத்து ஏதோ பார்த்தார். அது விரல் நழுவி மேசைக்கடியில் விழுந்துவிட்டது. தேடினார், கிடைக்கவில்லை. தகர டப்பாவிலிருந்து வேறொன்றை எடுத்துப் போட்டு மூடினார். பிறகு முன்பக்கம் திருப்பினார்.

"டயலு மாத்துனது."

"எப்படிச் சொல்றீங்க?" என்றார் மாமா.

"இந்த மாடலு எத்தினி வந்துருக்கும் எங்கிட்ட? எல்லாம் வெள்ளை. கருப்பு ஒண்ணுகூடப் பார்த்தது இல்ல. பழசை வாங்கி, டயலு மாத்தி, புதுசுன்னு தள்ளிடுறானுங்க துறைமுகத்துல. ஒண்ணு நீ ஏமாந்துருக்கணும்." மற்றொன்று என்ன என்பதை அவர் சொல்லவில்லை. அத்தையின் மாமனார் தொண்டையைச் செருமினார்.

மாமாவின் விரல் என் கைக்குள் வேர்த்தது. "நான் பெரிய கடையிலதான் வாங்குனேன். நாளைக்கே இதை மெட்ராஸுக்கு எடுத்துக்கினு போறேன். கம்பெனி ஏஜெண்டு அங்க இருக்கான். அவன் வாயால சொல்லட்டும்" என்றார்.

"சொல்லட்டும்" என்றார் தாத்தா.

மறுநாள் காலை நான் எழுந்தபோது மாமா கிளம்பிப் போயிருந்தார். கடிகாரம் ஜன்னல் திட்டில், கைக்குட்டை முடிச்சிலேயே இருந்தது. எடுத்துப் போகவில்லை.

தாத்தா அதையே வெகுநேரம் பார்த்தார். "சரக்கு அசலா இருந்தா வுட்டுட்டுப் போவானா?" என்றார். அப்பா தறியில் போய் உட்கார்ந்தார். பின்கட்டில் அம்மா ஆட்டிக்கொண்டிருந்த ஆட்டுக்கல் சத்தம் நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் ஓடத் தொடங்கியது.

அதற்குப் பிறகு மாமா எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

தாத்தா எங்கெங்கோ அலைந்து வெள்ளை டயல் போட்ட கடிகாரம் ஒன்றை வாங்கினார். தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை வந்தார். எண்ணெய்க் குளியல், புதுவேட்டி, கையில் புதுக் கடிகாரம். அவர் அதை அடிக்கடி திருப்பிப் பார்த்துக்கொண்டதும், நல்ல உயரமாக, சினிமாவில் வருகிறவரைப் போல இருந்ததும் நினைவிருக்கிறது. அவர்கள் கிளம்பும் நேரம் அத்தையின் டிரங்குப் பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. அத்தை வரவில்லை. தறிக்குப் பின்னால் சுவரோரமாக நின்றாள்.

"நான் போவல நைனா."

"இன்னா சொல்ற நீ? அதான் கேட்டதை வாங்கிக் குடுத்தாச்சு இல்ல?" என்றார் தாத்தா.

"ஒரு கடிகாரத்துக்காக என்னைக் கொண்டாந்து வுட்டாங்க. நாளைக்கு மோதிரத்துக்காகக் கொண்டாந்து வுடுவாங்க. அப்புறம் செயினுக்கு. நீங்களே இல்ல தெரு பூரா சொல்லிக்கினு இருந்தீங்க, கடிகாரத்துக்காகப் பொண்ணைத் திருப்பி அனுப்புனவன் மனுசனான்னு? நான் போவல."

தாத்தா வாசலில் இருந்த பெட்டியைப் பார்த்தார். உண்மையிலேயே அவர் அதைத் தெரு முழுக்கச் சொல்லியிருந்தார். சொன்ன சொல்லிலிருந்து இறங்குகிற மனிதர் இல்லை அவர். மாப்பிள்ளை தெருவில் இறங்கி நடந்தார். பிறகு பஞ்சாயத்து, சண்டை, எல்லாம் நடந்தது. பெரியவர்கள் பேசி உறவைத் தீர்த்துவிட்டார்கள். அத்தை எங்களோடேயே இருந்தாள். சில வருஷம் கழித்து நெசவாளர் சங்கத்தில் வேலைக்குப் போனாள். மறுகல்யாணம் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாள்.

தாத்தா சாகும்வரை ஒரே பாட்டுத்தான். "அந்தத் திருட்டுக் கப்பல்காரன், ஒரு போலிக் கடிகாரத்தைக் குடுத்து எம்பொண்ணு வாழ்க்கையக் கெடுத்தான்." அம்மா அதைக் கேட்டுக்கொண்டே அவருக்குச் சோறு போடுவாள். தாத்தா போன பிறகாவது அம்மா தம்பியைப் போய்ப் பார்த்திருக்கலாம். "எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போறது?" என்பாள். தம்பி ஏமாற்றினான் என்ற வெட்கமா, தம்பிக்காக ஒரு வார்த்தை பேசவில்லை என்ற வெட்கமா, நான் கேட்டதில்லை. மாமா இறந்த செய்தி வந்தபோது தலைக்குக் குளித்துவிட்டு வந்து மத்தியானச் சமையலைச் செய்தாள். இப்போது அம்மாவும் இல்லை. அவளுடைய துணிப்பெட்டியோடு அந்த முடிச்சும் என் வீட்டுக்கு வந்திருந்தது.

இவ்வளவையும் மகளிடம் சொல்லவில்லை. பாதி சொன்னேன். அதற்கே களைத்துவிட்டேன்.

சென்னைக் கடை ஒரு மாடியில் இருந்தது. லிப்ட் இருந்ததால் பிழைத்தேன். கடைக்காரர் இளைஞர், என் மகளை விடச் சின்னவர். கடிகாரத்தைப் பிரித்து ஒரு பச்சைத் துணியில் பாகம் பாகமாகப் பரப்பினார். இயந்திரத்திலிருந்து டயலைத் தனியாக எடுத்து அதன் முதுகை எங்களுக்குக் காட்டினார். பெரிய திரையில் எல்லாம் தெரிந்தது.

"டயல் டூப்ளிகேட்னு சொல்லியிருக்காங்க" என்றாள் மகள்.

"யார் சொன்னது? இது டோட்டலா ஒரிஜினல்" என்றார் அவர். "டயல் பின்னாடி ரெண்டு சின்னக் கால் இருக்கு பாருங்க. அதை மிஷின்ல ரெண்டு ஸ்க்ரூ புடிச்சிக்கிட்டு இருக்கும். டயலை மாத்தணும்னா அந்த ஸ்க்ரூவைத் திருகித்தான் ஆகணும். திருகினா தலையில கீறல் விழும். நான் எடுக்கிறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வெச்சிருக்கேன், இந்தாங்க. ஒரு கீறல் இருக்கா? கம்பெனியில முடுக்கினது முடுக்கினபடி இருந்துச்சு. இந்த டயலைக் கழட்டினது, நான்தான் முதல் ஆள்."

"அப்போ வெள்ளை டயல்தான் வரும்னு…"

"இந்தியாவுக்கு வெள்ளைதான் அனுப்புனாங்க. கருப்பு சிங்கப்பூர் பக்கம் வித்தது. இங்க யாரும் பார்த்திருக்க மாட்டாங்க." பிறகு இடுக்கியால் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். "இதுல ஒரே ஒரு பார்ட்தான் வேற. இந்த ஸ்க்ரூ, டயலைப் புடிக்கிறது இல்ல, பின்பக்கம் இருக்கிறது. யாரோ எதையோ தொலைச்சிட்டு, கையில கிடைச்சதைப் போட்டிருக்காங்க."

எண்ணெய் காய்ந்துவிட்டது, கழுவிப் புது எண்ணெய் போட வேண்டும், கண்ணாடியை மட்டும் மெருகு ஏற்றலாம், டயலைத் தொடவே வேண்டாம் என்றார். சரி என்றேன். மகள் என் முகத்தைப் பார்த்து, தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். சந்தோஷம் என்று ஒன்றும் வரவில்லை. யாரிடம் போய்ச் சொல்வது என்றுதான் ஓடியது. சொல்ல வேண்டியவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். அத்தை ஒருத்திதான் பாக்கி.

அத்தை அதே தெருவில் ஒற்றை அறையில் இருக்கிறாள். காது நன்றாகக் கேட்கிறது. சர்வீஸ் முடிந்து வந்த கடிகாரத்தை எடுத்துக்கொண்டு போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவள் டிவியின் சத்தத்தைக் குறைத்தாள்.

"தெரியும்மா" என்றாள்.

"எது தெரியும்?"

"அது நல்ல வாட்ச்சுன்னு. உங்க மாமன் பொய் சொல்ற ஆளா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே சொன்னாள். அவசரமில்லாமல், வேறு யாருக்கோ நடந்ததைப் போல.

"அந்தாளு அடிப்பான். கல்யாணமான மறுவாரமே ஆரம்பிச்சிட்டான். மில்லுல இருந்து பெல்ட்டு எடுத்தாருவான். ஆடிக்கு வந்தப்ப நைனாகிட்ட சொல்லத்தான் நெனச்சேன். சொன்னா இன்னா சொல்லியிருப்பாரு? எந்தப் புருசன்மா அடிக்கல, போ, சரியாயிடும்னு பஸ்ஸு ஏத்தி வுட்டுருப்பாரு. எதிர்வூட்டுப் பொண்ணை அப்படித்தான் ஏத்தி வுட்டாங்க, நான் பார்த்திருக்கேன். கடிகாரம்னா அப்படி இல்ல. அது நைனாவோட மானம். அதுக்கு நிப்பாரு."

"மாமாவுக்கு இது தெரியுமா?"

"கடையில இருந்து வந்த மறுநாளு, விடிஞ்சும் விடியாம பின்கட்டுல தண்ணி சேந்திக்கினு இருந்தேன். உங்க மாமன் மூஞ்சி கழுவ வந்தாரு. மெட்ராஸ் போயி நிரூபிச்சிட்டு வந்துடுறேன், நீ கவலைப்படாத, உன்னை மறுபடியும் அழைச்சிக்குவாங்கன்னாரு. நான் கையைக் காட்டுனேன். ரவிக்கைக் கையை மேல தூக்கிக் காட்டுனேன். நிரூபிக்காதீங்கன்னேன்."

அவள் தன் கையைத் தடவிக்கொண்டாள். இப்போது அங்கே சுருக்கம்தான் இருக்கிறது.

"ஒண்ணும் கேக்கல அவரு. மூஞ்சிகூடக் கழுவல. முடிச்சை ஜன்னல்ல வெச்சிட்டுப் போயிட்டாரு."

நான் கேட்டேன். "அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே அத்தே. தாத்தா போன பிறகாவது."

"சொல்லியிருக்கலாம்" என்றாள். "மொதல்ல பயம். அப்புறம், இத்தினி நாளு சொல்லாம இப்ப எப்படிச் சொல்றதுன்னு ஒரு இது. உங்கம்மா எனக்குச் சோறு போட்டவ. தெனமும் அவ கையால வாங்கித் தின்னுக்கினே இருந்தேன்." பிறகு, "நீ போய் அவரு புள்ளைங்ககிட்ட சொல்லு. எம்பேரைச் சொல்லியே சொல்லு. இனிமே எனக்கு இன்னா" என்றாள்.

எனக்கு அவள்மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கோபப்படுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும். அந்த நீளக் கை ரவிக்கையை நானும் பார்த்தேன், எல்லோரும் பார்த்தோம். அத்தனை பேர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தது கடிகாரத்தை.

மாமாவின் மகனுடைய போன் நம்பரைத் தேடிப் பிடிக்கவே நாளானது. ராயபுரத்தில் இருக்கிறார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் இன்னார் என்று சொன்னதும் என் அம்மாவின் பெயரைக் கேட்டு உறுதிசெய்துகொண்டார். பிறகு "வாங்கக்கா" என்றார்.

நானும் மகளும் போனோம். மாமாவின் அதே நெற்றி. அதே போல யோசித்துப் பேசுகிறார். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு அருகிலேயே உட்கார்ந்தாள். அத்தை சொன்னதை அவள் பெயரைச் சொல்லியே, ஒன்று விடாமல் சொன்னேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "இதை எங்ககிட்ட சொன்னதில்ல அப்பா. காஞ்சிபுரம் பக்கம் ஏன் போறதில்லன்னு கேட்டா, கப்பல் லீவு பத்தலம்பாரு" என்றார். அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு நான் கடிகாரத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். சென்னைக் கடையில் பிரித்துப் பார்த்ததை, கீறல் விழாத திருகாணியை, கருப்பு டயல் எங்கே விற்றது என்பதை எல்லாம் விளக்கினேன். பல வருஷம் கழித்து ஒரு நல்ல சேதி கொண்டுவந்தவளைப் போலத்தான் பேசினேன் என்று நினைக்கிறேன். "உங்கப்பா வாங்கினது ஒரிஜினல்தான்னு இப்ப உறுதியாயிடுச்சு" என்றேன்.

அவர் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. குரலும் உயரவில்லை.

"நாங்க எப்பக்கா அது ஒரிஜினல் இல்லன்னு சொன்னோம்?" என்றார்.